வெட்டையில் நின்றது நான் இல்லை

எனக்கு வயது எழுபத்தெட்டு. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், ஆறு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கச்சி மௌத்தாகும்போது விட்டுப் போனது. எட்டுப் பேருக்கும் ஒரே சட்டியில் சோறு, ஒரே தடியால் அடி. அதனால் பொய் சொல்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கிற நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது, ஆகையால் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பேய், ஆவி என்கிற கதைகளில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜின் உண்டு என்று ஓதியிருக்கிறோம், அது வேறு, அது அல்லாஹ்வின் படைப்பு. ஆனால் கிணற்றடியில் கண்டேன், புளிய மரத்தடியில் கண்டேன் என்று வருகிறவர்களிடம், "கண்டா என்ன, கடிச்சிச்சா?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு, கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில் இருந்து களப்புப் பக்கம் இறங்கினால் கடைசி வீடு. அதற்கு அங்கால் வெட்டைதான். மழை காலத்தில் அது முழங்கால் தண்ணீர், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வற்றி, கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் தரை. அந்தத் தரையில் ஒரு சூது இருக்கிறது. சில இடம் வெள்ளை வெளேரென்று சீமெந்து போட்டதுபோல் கிடக்கும், சில இடம் பழைய சாக்கு நிறத்தில் மங்கிக் கிடக்கும். தெரியாத ஆள் வெள்ளையைத்தான் நம்புவார். அந்த வெள்ளை மேலே பூத்த உப்பு, பப்படம் மாதிரி, அதற்குக் கீழே இடுப்பளவு சேறு. சாக்கு நிறம்தான் கல்லாய் இறுகின தரை. எங்கள் பக்கத்து மாடுகளுக்குக்கூட இது தெரியும்.

என் மனுசன் உப்பளத்தில் இருந்து உப்பு மூட்டைகளை ட்ரக்டரில் ஏற்றி, வெட்டைக்குக் குறுக்கால் ரோட்டுக்குக் கொண்டு வருகிற தொழில் செய்தவர். ட்ரக்டரில் இருந்து பார்த்தால் வெயிலில் எல்லாத் தரையும் ஒரே மினுக்கம், ஒன்றும் பிடிபடாது. அதனால் முன்னால் ஒரு ஆள் வெறுங்காலோடு நடந்து, சேறு தொடங்குகிற விளிம்பில் நிற்க வேண்டும். முப்பது வருஷம் அந்த ஆள் நான்தான். அவருடைய பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துவாயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடிப்பேன், அப்படியென்றால் "இதுக்கு அங்கால வராதீங்க". பிறகு எந்தப் பக்கம் தரை இறுக்கமோ அந்தப் பக்கம் துவாயை மூன்று தரம் சரிப்பேன். மற்ற ட்ரக்டர்க்காரர்கள் கம்பு நடுவார்கள், விசில் அடிப்பார்கள். இந்தத் துவாய்க் கதை எங்கள் இருவருக்கும் மட்டும் உரியது, ஏனென்றால் அந்த மெசின் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பத்து வருஷம் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

வேலை முடிந்ததும் ட்ரக்டரை நிற்பாட்டிவிட்டு நான் நிற்கிற இடத்துக்கு வருவார். என் காலடியில், வெட்டைப் பக்கம் முகத்தை வைத்துக் குந்திக்கொண்டு ஒரு பீடி குடிப்பார். நான் நின்றபடி, அவர் குந்தினபடி, ஒரு கதை பேச்சும் இல்லை. எங்கள் சந்தோஷம் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும், ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கத் தொடங்கியிருந்த காலம், அவர் மௌத்தானார். நான் இத்தாவுக்கு இருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அவருடைய வீட்டை விட்டு வெளிக்கிடாமல், அந்நிய ஆண்களின் பார்வை படாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு வெள்ளைதான் உடுப்பு, ஜன்னலுக்குத் தடித்த சீலை. ஆஸ்பத்திரி, வங்கி என்று சாட்டுச் சொல்லி நாலு பெண்கள் வெளியே போய் வந்ததைப் பார்த்தவள் நான். "நான் இருந்தா ஒரு நாள் குறையாம, வாசப்படி தாண்டாம இருப்பன்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லியிருந்தேன். அது அவருக்காகவும்தான், கொஞ்சம் என் பெருமைக்காகவும்தான், மறைக்கவில்லை. அலுமாரியின் பின்பக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு கரிக்கோடு கீறி வந்தேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் வரைக்கும் ஆக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு வீடு அடங்கிப் போய்விட்டது. எட்டுப் பிள்ளைகளில் இரண்டு கட்டாரில், மற்றவர்கள் கொழும்பிலும் அங்கேயும் இங்கேயுமாக. மூத்தவன் ஜவாதும் மருமகள் நஸீமாவும்தான் என்னோடு. அவர்களுக்கும் அவர்கள் பாடு. பகல் முழுக்க நான், என் கட்டில், சீலைக்கு அங்கால் காற்று. எட்டுப் பேரை வளர்த்த பெண்ணுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

தொண்ணூற்றோராவது கோடு கீறின அன்று, கனமூலையில் நஸீமாவின் சாச்சி மகளுக்குக் கல்யாணம். இருவரும் மத்தியானம் லுஹருக்குப் பிறகு வெளிக்கிட்டார்கள்.

"மாமி, முன்கதவ வெளியால பூட்டிட்டுப் போறோம். பின்கதவுக்குத் தாப்பாள் போட்டிருக்கு. பயமில்லதானே?"

"போங்க மகள், என்னய ஆரும் களவெடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் ரெண்டு நாள்ல கொண்டுவந்து உட்டுருவாங்க."

பின்னேரம் அஸர் தொழுது முடித்த நேரம் ஏரோப்ளேன் சத்தம் கேட்டது. சண்டைக் காலத்தில் அந்தச் சத்தம் வந்தால் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம், இப்போது யாரும் அண்ணாந்தும் பார்ப்பதில்லை, பணக்காரர்கள் கொழும்பில் இருந்து கடல் பார்க்க வருவார்கள். ஆனால் இந்தச் சத்தம் போகவில்லை. போய்ப் போய்த் திரும்பி வந்தது. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, சீலையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். சின்ன ஏரோப்ளேன், வெள்ளை நிறம், நீலக் கோடு. அதன் ஒரு சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, மற்றச் சக்கரம் பாதி மடங்கினபடி வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி. உள்ளே இருக்கிறவர் அந்தக் காலை உதறி விழுத்தப் பார்க்கிறார்போல, ஏரோப்ளேன் அடிக்கடி உடம்பை ஆட்டியது. விழவில்லை.

பிறகு அது தாழ்ந்து வெட்டைக்கு மேலால் போனது. திரும்பி வந்து இன்னும் தாழ்ந்து போனது. அந்த இரண்டாவது தரம் எனக்கு விளங்கிவிட்டது, இறங்க இடம் பார்க்கிறார்கள். எங்கே பார்க்கிறார்கள் என்றும் விளங்கியது. வெள்ளையைத்தான்.

இனி நான் எழுதப் போகிறதைக் கவனமாக வாசியுங்கள்.

நான் எழும்பிப் பின்கதவுக்குப் போனேன். தாப்பாளில் கையை வைத்தேன். வெட்டை இருநூறு முழம்கூட இல்லை, ஓடிப்போய்க் கையைக் காட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். ஒரு உயிருக்காக வெளியே போனால் பாவம் இல்லை என்றும் தெரியும், அதைச் சொல்ல எனக்கு ஆலிம் தேவையில்லை. ஆனால் ரோட்டுப் பக்கம் ஆக்கள் கூடிக் கத்துகிற சத்தம் கேட்டது, எல்லாம் ஆண் குரல். ஒரு நாளும் குறையாமல் இருப்பேன் என்று வாய் திறந்து சொன்னவள் தொண்ணூற்றோராம் நாள் வெட்டையில் ஓடுகிறதை இவ்வளவு பேரும் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அல்லாஹ்வை நினைக்கவில்லை, ஊரை நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

நான் போகவில்லை.

அறைக்குத் திரும்பி வந்து கட்டிலில் இருந்தேன். தலையணைக்குக் கீழே இருந்த அவருடைய துவாயை, பச்சைக் கரை போட்ட அதே துவாயை எடுத்து முகத்தில் அமத்திக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டினேன். சத்தம் கிட்ட வந்தது, மெசின் நின்றது, பிறகு பெரிய தகரம் ஒன்றைத் தரையில் இழுக்கிற மாதிரி நீளமாக ஒரு உரசல். பிறகு ஒன்றுமில்லை. முப்பத்து மூன்றாவது மணி என் விரலில் இருந்தது. நான் மயங்கவில்லை, நித்திரை கொள்ளவில்லை, துவாய் என் முகத்தில்தான் இருந்தது. செத்துவிட்டார்கள், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகுதான் ஜவாத் வந்தான். வந்த வேகத்தில் என் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான், அவன் கண் எல்லாம் தண்ணீர்.

"ஏரோப்ளேன்ல வந்த புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்க உம்மா. மாத்தயாக்குக் கை முறிஞ்சிருக்கு, நோனாக்கு நெத்தியில காயம், அவ்வளவுதான். ரோட்டுல நின்டவங்க ஏரோப்ளேனத்தான் பாத்திருக்காங்க, மாத்தயாதான் சொன்னாரு, வெள்ளையில இறங்க வந்தாங்களாம், வெள்ள உடுப்புல ஒரு பொம்புள நின்டு மறிச்சாவாம். உம்மா, நீங்க மறிக்கல்லண்டா குத்திக் கவுண்டிருக்கும்."

"நான் போகல்ல மகன்."

"எனத்துக்கு மறைக்கிறீங்க? ஆரும் ஏச மாட்டாங்க."

"நான் போகல்லண்டு சொல்றன்."

"தடம் இருக்குது உம்மா. டோர்ச் அடிச்சு நானே பாத்தேன். இடது கால் வெளிய திரும்பின தடம் இந்த ஊருல வேற ஆருக்கு இருக்கு?"

என் இடது பாதம் சின்ன வயதில் வண்டியில் நசுங்கி, வெளியே திரும்பினது உண்மை.

"எங்கயிருந்து எங்க போகுது?" என்று கேட்டேன்.

"நம்மட வேலிக்கு அங்கால தொடங்கி வெள்ளைக்குப் போகுது."

"திரும்பி வந்த தடம்?"

"இறுகின தரையால சுத்தி வந்திருப்பீங்க. அதுல தடம் விழாதுதானே" என்றான்.

அவன் சொன்னது நியாயமான கதை. ஊரும் அதைத்தான் நம்பியது. முதல் இரண்டு நாள் இத்தாவை முறித்துவிட்டாள் என்று குசுகுசுத்தார்கள், கிணற்றடியில் ஒருத்தி, "பஸ்ஸுக்குக் கைகாட்டினா நிக்கிறதில்ல, இவ கைகாட்டினா ஏரோப்ளேன் நிக்குது" என்றாளாம், நஸீமா வந்து சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து சீலைக்கு வெளியே நின்று, "உசிரக் காப்பாத்தப் போனா இத்தா முறியாது ராத்தா, அது பெரிய நன்ம" என்றார். "போயிருந்தாத்தானே ஹஸ்ரத்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பெரிய மனசு, சொல்லிக் காட்டவும் விருப்பமில்ல" என்று ஜவாதிடம் சொல்லிக்கொண்டு போனார்.

பழி சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எனக்கு அது வரும். புகழ்ந்தால் என்ன செய்வது? கட்டாரில் இருந்து சின்னவன் டெலிபோனில் அழுதான், என் உம்மாவைப்போல் உண்டா என்று. போகல்ல, போகல்ல என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. நான் செய்யாத நன்மைக்கு ஊரே சாட்சி, நான் செய்யாமல் விட்டதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. எட்டுப் பிள்ளைகளின் தாய்க்கு அந்த வீட்டில் அப்படி ஒரு தனிமை வந்தது. அவர் இருந்திருந்தால், காது கேட்காவிட்டாலும், என் முகத்தைப் பார்த்து விளங்கியிருப்பார்.

இரண்டு கிழமை கழித்து அந்த இருவரும் நன்றி சொல்ல வந்தார்கள். கொழும்புச் சிங்கள ஆக்கள். மாத்தயா கையைக் கட்டித் தொங்கவிட்டபடி ஜவாதோடு வாசலில் நின்றார், நோனா மட்டும் என் அறைக்குள் வந்தாள். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் பிளாஸ்திரி. உப்பு லொறிக்காரர்களோடு பேசிப் பழகின சிங்களம் எனக்குப் போதும், அவள் சொன்னதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன். இறங்கி ஏறின சக்கரம் திரும்ப இறங்காமல் போய்விட்டதாம், அதை இறக்கப் பார்த்துப் பார்த்தே எண்ணெய் தீருகிற கட்டத்துக்கு வந்துவிட்டதாம். ஒற்றைக் காலோடு தார் ரோட்டில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்று பயந்துதான் வெட்டையைத் தேடினார்களாம்.

"மேலருந்து பாக்க அந்த வெள்ளதான் மட்டமா இருந்திச்சு அம்மே. அப்பதான் நீங்க இப்படிக் காட்டினீங்க" என்று சொல்லி, தோளில் கிடந்த சால்வையை எடுத்தாள்.

இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். பிறகு ஒரு பக்கமாகச் சரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

என் பிள்ளைகள்கூட அதை இவ்வளவு சரியாகச் செய்ய மாட்டார்கள்.

"என்ன துணி அது?" என்று கேட்டேன்.

"வெள்ளத் துணி. ஓரம் பச்ச."

"நோனா, நான் போகல்ல" என்றேன். "நான் இந்தக் கட்டில்ல இருந்தேன். அந்தத் துணி என்ட முகத்துல இருந்திச்சு."

அவள் என் முகத்தை நிறைய நேரம் பார்த்தாள். மற்றவர்களைப் போல் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தணித்து, "அப்ப உங்கட காலடியில குந்திக்கிட்டிருந்த அந்த மாத்தயா ஆரு?" என்றாள்.

அப்படி ஒரு ஆளைப் பற்றி அதுவரைக்கும் எங்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவள் புருஷன் இறங்குகிற தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவள்தான் பக்கத்துக் கண்ணாடியால் கண்டிருக்கிறாள்.

"முகத்தப் பாத்தீங்களா?"

"இல்ல அம்மே. எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். வெள்ளத் தொப்பி. தலைக்கு மேலால இவ்வளவு பதிஞ்சு போறோம், சத்தத்துக்குக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்குது. அவர் திரும்பிக்கூடப் பாக்கல்ல. சும்மா பீடி குடிச்சுக்கிட்டிருந்தார்."

அவள் கொண்டுவந்த சாமான்களை நான் வாங்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். என்னை நம்பின ஒரே ஆள் அவள்தான், போனபிறகு நான் அவளைத் திரும்பக் கண்டதில்லை. அவள் சொன்ன அந்த ஆளைப் பற்றி இன்று வரைக்கும் நான் ஒருவருக்கும் சொன்னதும் இல்லை.

இத்தா முடிந்த அன்று விடிந்ததும் குளித்து உடுத்து, தனியாக வெட்டைக்குப் போனேன். மழை இன்னும் விழுந்திருக்கவில்லை. தகரத் துண்டுகளை எல்லாம் எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், தடம் மட்டும் உப்பில் இறுகிக் கிடந்தது. ஜவாத் சொன்னது சரி, போகிற தடம்தான் உண்டு. கடைசியில் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில். என் இடது காலை அதில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது, விரல் விரலாகப் பொருந்தியது. பொருந்தின உடனே உப்பு நொறுங்கி, கணுக்காலுக்கு மேலே புதைந்துவிட்டேன், கையை ஊன்றித்தான் காலை இழுத்தெடுத்தேன். ஆனால் அந்தத் தடம் அரை விரல் ஆழம்கூட இல்லை. நின்றவளுக்குப் பாரம் இல்லை.

அவள் யார் என்று எனக்குத் தெரியாது. தாப்பாளில் கையை வைத்துவிட்டு நான் திரும்பினேன், அவள் திரும்பாமல் போயிருக்கிறாள், அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டுகிறது. அவள் திரும்பி வரவும் இல்லை. மனுசனுக்காக நான் காத்த இத்தா இந்தப் பக்கம், அவர் பீடி குடிக்கப் பக்கத்தில் நின்றவள் அந்தப் பக்கம். சில நேரம் எனக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது, இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்.

ஜன்னல் சீலையைக் கழற்றி வருஷங்களாகிவிட்டன. ஆனால் இன்றைக்கும் அஸர் தொழுதவுடன் அந்த ஜன்னலைச் சாத்திவிடுவேன். பயத்தினால் இல்லை. வெட்டையில் இரண்டு பேர் கதையில்லாமல் இருக்கிற நேரம் அது, அதை மூன்றாவது ஆளாக நின்று பார்ப்பது சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

என் பேத்தி ஹஸ்னா பக்கத்தில்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் என்னைப் பற்றி, ஏரோப்ளேனைக் காப்பாற்றின உம்மும்மா என்று பேசிப் பரிசு வாங்கினவள். இந்தாங்க மகள், கொப்பியப் பிடிங்க. முதல்ல இருந்து சத்தமா வாசிங்க, அவசரப்பட்டு ஓட வேணாம். "நான் போகவில்லை" என்டு தனியா ஒரு வரி வரும். அந்த இடத்துல நிப்பாட்டி, என்ட முகத்தப் பாத்துட்டு, பொறகு மத்தத வாசிங்க.